வீட்டை விற்கும் முன்: ஆச்சியின் பங்கு எங்கே போனது?

கேள்வி: பாளையங்கோட்டையில் அப்பா 1986-இல் தன் சம்பளப் பணத்தில் 5 சென்ட் மனை வாங்கினார். 1991-இல் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் கடன் வாங்கிக் கீழ்த்தளம் கட்டினார். கடன் 1999-இல் அடைந்துவிட்டது. 2003-இல் மாடி எடுத்தோம். 2009-இல் அப்பா காலமானார், உயில் எழுதவில்லை. அப்போது அவருடைய அம்மா, எங்கள் ஆச்சி, உயிரோடு இருந்தார்கள்; 2014-இல் தவறினார்கள். தாத்தா அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். சித்தப்பாவும் அத்தையும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். 2019-இல் அக்கா இறந்துவிட்டாள். அத்தானும் அவள் மகளும் மதுரையில் இருக்கிறார்கள், பிள்ளைக்கு 14 வயது. தம்பி சிங்கப்பூரில் நிரந்தரமாக வேலையில் இருக்கிறான். அம்மா என்னோடு இருக்கிறார்கள். மாடியில் ஒரு குடித்தனம். இந்த வீட்டை விற்க நினைக்கிறோம். பட்டா அப்பா பெயரில் இருக்கிறது, அசல் பத்திரம் கையில் இருக்கிறது, 2000-லிருந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. ஒருவர் 62 லட்சத்துக்குக் கேட்டு, 2 லட்சம் ரொக்கமாக முன்பணம் தரத் தயாராக இருக்கிறார். "வாங்கிவிடு, பிறகு பேப்பர் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறான் தம்பி. வாங்கலாமா? நாங்கள் இந்துக்கள்.

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த 2 லட்சத்தை வாங்காதீர்கள். விற்பவர்கள் யார் யார் என்ற கணக்கே உங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. நீங்கள், அம்மா, தம்பி, அத்தான் என்று நாலு பேர் கையெழுத்துப் போதும் என்று நினைத்திருப்பீர்கள். சட்டப்படி இந்த வீட்டுக்கு இன்று ஏழு பேர் உரிமையாளர்கள்.

அப்பா உயில் எழுதாமல் இறந்ததாலும், வீடு அவர் சுயமாகச் சம்பாதித்தது என்பதாலும், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சம பங்கு போகும். மனைவி, மகன், மகள்களோடு இறந்தவரின் தாயும் அந்த முதல் வகுப்பில் இருக்கிறார். பலரும் மறந்துவிடுவது இதைத்தான். ஆக 2009-இல் வீடு ஐந்து பங்கானது: அம்மா, ஆச்சி, அக்கா, நீங்கள், தம்பி, ஆளுக்கு ஐந்தில் ஒன்று. 2014-இல் ஆச்சி தவறியதும் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போனது. பிள்ளைகள் மூன்று கிளை: உங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை. அப்பா முன்பே இறந்துவிட்டதால் அவர் கிளைக்கு உரியது உங்கள் மூவருக்கும் வந்தது. ஆச்சியின் பங்கில் உங்கள் அம்மாவுக்கு எதுவும் வராது, ஏனென்றால் பெண்ணின் சொத்து யாருக்குப் போகும் என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் பிரிவு, முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்குத்தான் இடம் தருகிறது, மருமகளுக்குத் தரவில்லை. 2019-இல் அக்கா இறந்தபோது அவள் பங்கு கணவருக்கும் மகளுக்கும் சரிபாதியாகப் பிரிந்தது.

மொத்த வீட்டை 45 பாகம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. அம்மாவுக்கு 9, உங்களுக்கு 10, தம்பிக்கு 10, அத்தானுக்கு 5, அக்கா மகளுக்கு 5, சித்தப்பாவுக்கு 3, அத்தைக்கு 3. கூட்டிப் பாருங்கள், 45 வரும். 62 லட்சம் விலை என்றால் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் ஆளுக்கு ஏறத்தாழ 4 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய். பணத்தின் அளவு சிறிதாகத் தோன்றலாம். அந்த இரண்டு கையெழுத்து இல்லாவிட்டால் வாங்குபவருக்கு முழு உரிமை போய்ச் சேராது.

2009-இல் நீங்கள் வாங்கிய வாரிசுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ஆச்சியின் பெயர் அதில் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். மனைவி, பிள்ளைகள் பெயரை மட்டும் எழுதிக்கொடுத்து வாங்கிய சான்றுகள் நம் ஊரில் ஏராளம். அப்படி இருந்தால் "சான்றில் பெயர் இல்லையே, விட்டுவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வாரிசுச் சான்று உறவைக் காட்டுமே ஒழிய, பங்கைத் தீர்மானிப்பதில்லை. சான்றில் பெயர் விடுபட்டதால் பங்கு அழியாது, பெயர் இருப்பதாலேயே பங்கு வந்துவிடாது. வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது "இறந்தவரின் தாய் எப்போது இறந்தார்?" என்பதைத்தான். 2014 தேதியிட்ட இறப்புச் சான்றைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார். வங்கியில்லாமல் ரொக்கக்காரருக்கு விற்றாலும், நாளைக்கு அத்தையின் பிள்ளைகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் வாங்கியவர் உங்கள் மேல்தான் பாய்வார்.

எனவே முதல் வேலை மூன்று இறப்புச் சான்றுகள் (அப்பா, ஆச்சி, அக்கா), மூன்று வாரிசுச் சான்றுகள். அப்பாவின் சான்றில் ஆச்சி விடுபட்டிருந்தால் தாசில்தாரிடம் காரணம் எழுதித் திருத்தச் சான்று கேளுங்கள். ஆச்சிக்குத் தனியாக வாரிசுச் சான்று வாங்கும்போது முன்பே இறந்த மகன் என்று அப்பா பெயரையும், அவருடைய பிள்ளைகளாக உங்கள் பெயர்களையும் காட்ட வேண்டும். அக்காவின் சான்றை அவர் கடைசியாகக் குடியிருந்த வட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதை அத்தான்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆறு சான்றுகளிலும் பெயர், முதலெழுத்து, தந்தை பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். 1986 பத்திரத்தில் அப்பா பெயர் ஒருவிதமாகவும் இறப்புச் சான்றில் வேறுவிதமாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கான ஆதாரத்தை இப்போதே சேர்க்க வேண்டும். பதிவு நாளன்று அலுவலக வாசலில் நின்று அதைத் தேட முடியாது.

சித்தப்பாவிடமும் அத்தையிடமும் விளம்பரம் போடும் முன் நேரில் போய்ச் சொல்லுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. வீடு விற்பனைக்கு வந்திருப்பதைத் தரகர் வாயிலாகவோ பக்கத்து வீட்டார் வாயிலாகவோ அவர்கள் கேள்விப்பட்டால், பங்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடியவர்கள்கூட முறுக்கிக்கொள்வார்கள். பங்குக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள். அவர்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொள்ள விரும்பினால் அதற்கும் மனத்தளவில் தயாராக இருங்கள். அது அவர்களுடைய உரிமை.

அவர்கள் ஒப்புக்கொண்டதும் உங்களுக்குத் தனியாக விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதித் தரச் சொல்லும்படி சிலர் யோசனை சொல்வார்கள். உங்கள் நிலையில் அது தேவையில்லாத செலவு. விடுதலைப் பத்திரத்துக்கு ஒரு முத்திரைத் தீர்வை, ஒரு பதிவுக் கட்டணம், பிறகு கிரயப் பத்திரத்துக்கு இன்னொன்று. வீட்டை எப்படியும் வெளியாருக்குத்தான் விற்கப்போகிறீர்கள். ஏழு பேரும் ஒரே கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்திட்டால் போதும். உங்களுக்குள் முதலில் பாகப்பிரிவினை செய்துகொள்ள வேண்டும் என்பதும் இல்லை. பத்திரத்தின் முன்வரலாற்றில் 2009, 2014, 2019 மூன்று இறப்புகளையும், யாருக்கு எப்படிப் பங்கு வந்தது என்பதையும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர்கள் இந்தப் பகுதியைச் சுருக்கி "வாரிசுப் பாத்தியப்படி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். விடாதீர்கள். வெள்ளைத் தாளில் குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட பதிவில்லாத கூர்ச்சீட்டு (பாகம் பிரித்த சீட்டு) ஏதாவது வீட்டில் இருந்தால், அதை நம்பி யார் பங்கையும் விடக் கூடாது. பதிவாகாத பிரிவினைப் பத்திரம் நீதிமன்றத்தில் உரிமைக்குச் சான்றாக நிற்காது.

ஏழு பேரில் மிக நேரம் எடுக்கப்போவது அக்கா மகளின் 5 பாகம். பிள்ளை மைனர். தகப்பன் இயற்கைப் பாதுகாவலர்தான், ஆனாலும் மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க அவருக்கு அதிகாரம் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 8-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அனுமதியில்லாமல் அத்தான் மகளுக்காகவும் கையெழுத்திட்டு விற்றால் பத்திரம் பதிவாகிவிடவும் கூடும், சிக்கல் பிறகுதான் வரும். அந்தப் பெண் 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள் தன் பங்கு விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். அதாவது வாங்குபவர் இன்னும் ஏழு ஆண்டு பயத்தோடு இருக்க வேண்டும். விவரம் தெரிந்த எவரும் அப்படி வாங்க மாட்டார்.

அனுமதி மனுவைச் சொத்து இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில், அதாவது திருநெல்வேலியில், அத்தான் போட வேண்டும். நீதிமன்றம் பார்ப்பது இரண்டு: விற்கத் தேவை இருக்கிறதா, அல்லது விற்பதால் பிள்ளைக்குத் தெளிவான நன்மை உண்டா. ஒன்பதில் ஒரு பங்கைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியாத பழைய வீடு, பராமரிப்புச் செலவு, வைப்புத்தொகையாக வைத்தால் வரக்கூடிய வட்டி என்று எண்களோடு எழுத வேண்டும். அப்பாவின் 1986 கிரயப் பத்திர நகல், இறப்பு, வாரிசுச் சான்றுகள், பொறியாளரின் மதிப்பீடு, வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு) விவரம், பேசியிருக்கும் விலை எல்லாம் இணைய வேண்டும். பேசிய விலை வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாக இருந்தால் அனுமதி கிடைப்பது கடினம். பிள்ளையின் தொகையை அவள் பெயரில் தேசிய வங்கியில் 18 வயது வரை வைப்புத்தொகையாகப் போடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். மனுவிலேயே நீங்களாக அதை முன்வந்து சொல்லிவிடுங்கள். "இன்ன தொகைக்குக் குறையாமல் விற்க" என்று அடிமட்ட விலையைக் குறிப்பிட்டு அனுமதி கேட்டால், வாங்குபவர் மாறினாலும் மறுபடி நீதிமன்றம் போக வேண்டியிருக்காது. இது மாதக்கணக்கில் ஆகும் வேலை. ஆகவே சான்றுகள் கைக்கு வந்ததும், மற்ற எதற்கும் காத்திருக்காமல் இதைத் தொடங்குங்கள். பிள்ளைக்கு பான் அட்டையும் வேண்டும், மைனர் என்றாலும்.

இனி தம்பி. அவர் பதிவுக்கு நேரில் வர முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. எல்லாரும் ஒரே நாளில் கையெழுத்திட வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்தால் போதும். வர முடியாவிட்டால் உங்களுக்கோ அம்மாவுக்கோ பவர் பத்திரம் எழுதித் தரட்டும். சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் போய்க் கையெழுத்திட்டு முத்திரை வாங்குவது சுலபமான வழி. பத்திரத்தில் சொத்து விவரம் முழுவதும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத, கிரயம் எழுத, பதிவு அலுவலகத்தில் ஆஜராக, பணம் பெற என்று ஒவ்வொரு அதிகாரமும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். "சொத்தைப் பராமரிக்க" என்ற பொதுவான சொல்லைக் காட்டி விற்க முடியாது. அந்தப் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பதிவுத் துறையில் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. கிரயம் பதிவாகும் நாளில் தம்பி உயிருடன் இருப்பதற்கான சான்றையும் சார்பதிவாளர் கேட்பார்; அது ஒரு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கட்டும்.

தம்பிக்கு வரி விஷயத்திலும் தனிப் பாடம் உண்டு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரிப் பிடித்தம் செய்து உங்கள் பான் கணக்கில் கட்டுவார். ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் கீழ்தானே என்று தப்ப முடியாது. 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இந்த 1 சதவீதம் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். தம்பி வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவர் பங்குக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 13 சதவீதம் பிடிக்க வேண்டும். அவருடைய 13 லட்சத்து 78 ஆயிரத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 79 ஆயிரம் பிடித்தமாகப் போகும். இதை மறந்து 1 சதவீதம் மட்டும் பிடித்தால் மாட்டிக்கொள்வது வாங்குபவர். அதனால் விவரமான வாங்குநர்கள் வெளிநாட்டுக்காரர் பெயரைக் கண்டாலே தயங்குகிறார்கள். உண்மையான லாபம் குறைவு என்றால் வருமான வரித் துறையில் குறைந்த பிடித்தச் சான்றுக்குத் தம்பி முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பிடித்தம் ஆன பிறகு அந்தச் சான்றால் பயனில்லை. கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். அவர் பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்கு) போக வேண்டும், உங்கள் கணக்குக்கு அல்ல.

மற்றவர்களின் மூலதன ஆதாய வரியை ஆடிட்டர் பார்த்துக்கொள்ளட்டும். அவர் கேட்கப்போவதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 2001 ஏப்ரல் 1 அன்று மனைக்கும் கீழ்த்தளத்துக்கும் இருந்த சந்தை மதிப்பு (அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது), 2003-இல் மாடி கட்டிய செலவுக்கான ரசீதுகள். செங்கல், சிமெண்ட் பில் இல்லாவிட்டாலும் வங்கிப் புத்தகத்தில் பணம் எடுத்த வரிகள் இருந்தால் தேடி வையுங்கள். இந்தியாவில் வசிக்கும் உங்களுக்கு 12.5 சதவீதம், அல்லது விலைவாசிக் குறியீடு சேர்த்து 20 சதவீதம், இரண்டில் குறைவானது போதும். தம்பிக்கு அந்தத் தேர்வு இல்லை.

வில்லங்கத்துக்கு வருவோம். 2000-லிருந்து போட்டால் ஒன்றும் வராதுதான். உங்கள் சிக்கல் 1991-இல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுவசதிச் சங்கத்துக்கு அப்பா எழுதிக்கொடுத்த அடமானம் பதிவானது என்றால், 1999-இல் கடன் அடைந்ததற்கு ரசீதுப் பத்திரம் பதிவாகாத வரை அது வில்லங்கச் சான்றில் நிற்கும். கடன் அடைத்த சீட்டு பெட்டியில் இருப்பது வேறு, பதிவேட்டில் அடமானம் நீங்குவது வேறு. பழைய அடமானம், காலாவதி ஆகிவிட்டது என்ற வாதம் சட்டத்தில் நிற்கலாம். வங்கி மேலாளரின் மேசையில் நிற்காது. சங்கத்துக்கு நிலுவை இல்லை என்ற கடிதத்தோடு போய், ரசீதுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். சங்கம் செயல்படாமலோ வேறொன்றோடு இணைந்தோ போயிருந்தால் அந்த வட்டாரத்தின் வீட்டுவசதித் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் யாருக்கு அதிகாரம் என்று எழுத்தில் கேளுங்கள்.

வில்லங்கச் சான்றை அப்பா வாங்கிய 1986-க்கும் முன்னால் இருந்து போடுங்கள். பதிவுத் துறையின் இணையத்தில் 1975 முதல் பார்க்கலாம். அப்பாவுக்கு விற்றவர் அதற்கு முன் வாங்கியவர் என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் கைப்பதிவேட்டில் தேட விண்ணப்பிக்க வேண்டும். இடையில் உங்கள் பகுதி வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்திலும் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டு 'நில்' என்று வந்த சான்றால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய புல எண்ணிலும் புதிய எண்ணிலும் தனித்தனியாகத் தேடுங்கள். தாய்ப்பத்திரம், அதாவது அப்பாவுக்கு விற்றவரின் பழைய பத்திரம், உங்களிடம் இல்லாவிட்டால் அதன் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கிவிடுங்கள், செலவு சொற்பம். வில்லங்கச் சான்றில் உயில் வராது, நீதிமன்ற வழக்கு எல்லாம் வராது, ஆச்சியின் பங்கும் வராது. பதிவான பரிமாற்றங்களை மட்டும் காட்டும் தாள் அது.

பட்டா அப்பா பெயரில் இருப்பதும் போதாது. மூன்று வாரிசுச் சான்றுகளும் கைக்கு வந்ததும் உரிமையாளர்கள் எல்லாருடைய பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். மாநகராட்சிப் பகுதி என்பதால் உங்கள் மனைக்கு வார்டு, பிளாக், நகர அளவை எண் வந்திருக்கும். 1986 பத்திரத்தில் பழைய சர்வே எண்தான் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் ஒப்பீட்டு விவரத்தை நில அளவைப் பிரிவில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் வாங்குபவரின் வழக்கறிஞருக்குப் பத்திரம் ஒரு சொத்துக்கும் பட்டா வேறொரு சொத்துக்குமாகத் தெரியும்.

பரப்பையும் சரி பாருங்கள். 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி, மீட்டரில் 202.3 சதுர மீட்டர். நகர அளவைப் பதிவேட்டில் 194 என்று இருந்தால் ஏறத்தாழ 90 சதுர அடி குறைகிறது. பழைய பத்திரங்களில் நான்கெல்லை சொல்லித் தோராயமாகச் சென்ட் எழுதியது, தெருவுக்கு விட்டது, பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்தது, இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். அளவையரை வரவழைத்து அளந்து, நான்கு பக்க நீளத்தையும் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். விலை பேசும்போது எது குறைவோ அந்தப் பரப்புக்குப் பேசுங்கள். கூடுதலைச் சொல்லி விற்று, பதிவுக்கு முதல் நாள் குறைந்த அளவு தெரியவந்தால் வாங்குபவர் 90 அடிக்கு மட்டும் விலை குறைக்க மாட்டார், உங்கள் பேச்சு முழுவதையும் சந்தேகிப்பார்.

மாடி பற்றி. 1991-இல் வாங்கிய கட்டட அனுமதி கீழ்த்தளத்துக்கு மட்டும் என்றால், 2003-இல் எழுப்பிய மாடி அனுமதியற்றது. சொத்து வரி மாடிக்கும் சேர்த்துக் கட்டுகிறோமே என்பது அனுமதி ஆகாது. வங்கி மதிப்பீட்டாளர் வரைபடத்தோடு வீட்டை ஒப்பிட்டு, அனுமதியுள்ள தளத்துக்கு மட்டும் மதிப்புப் போடுவார். வாங்குபவருக்குக் கடன் குறையும். அந்தக் குறை விலைப்பேச்சில் உங்கள் தலையில் வரும். உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து, சுற்றிலும் விட்டிருக்கும் இடம் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்குள் வருமா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் திருத்திய வரைபடத்துக்கு மாநகராட்சியில் விண்ணப்பிக்கலாம். வராவிட்டால் உள்ளதை உள்ளபடி முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். மாடியை மறைத்துப் பத்திரத்தில் கீழ்த்தளம் மட்டும் எழுதும் யோசனைக்கு இணங்க வேண்டாம். சொத்தின் புகைப்படம் பத்திரத்தில் இணைகிறது, அலுவலர் நேரில் பார்வையிடவும் வருவார், முத்திரைத் தீர்வையைக் குறைத்துக் கட்டியதாக வழக்கு வரும்.

மனைப்பிரிவு அனுமதி பெற்றதா என்றும் பத்திரத்தில் பாருங்கள். அனுமதியற்ற மனைப்பிரிவானாலும், 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானது என்பதால் மறுபதிவுக்குத் தடை இல்லை. ஆனால் வங்கி வரன்முறை உத்தரவு (மனையைப் பின்னர் முறைப்படுத்தித் தரும் உத்தரவு) கேட்கும்.

சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மின் இணைப்பு மூன்றிலும் நிலுவை இல்லாத கடைசி ரசீதுகளை எடுத்து வையுங்கள். மாடிக் குடித்தனக்காரரிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா, அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது காலி செய்வார் என்பதைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 2 லட்சம். வீடு விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம், அதாவது 2 லட்சம். அதைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் ஒருவர் கையெழுத்திட்டுப் பணம் வாங்கினால், முழு வீட்டையும் தருவதாக ஒப்புக்கொண்டவராகி விடுவீர்கள். மைனர் அனுமதி தள்ளிப்போனாலோ அத்தை மறுத்தாலோ வாங்குபவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம். தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பின் கிரய ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். பதிவானால் அது வில்லங்கத்தில் ஏறும். பேச்சு முறிந்தால் இரு தரப்பும் வந்து ரத்துப் பத்திரம் எழுதும் வரை வேறு யாருக்கும் விற்க முடியாமல் அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். ஆகவே ஒப்பந்தம் போடும் நாளில் மைனர் நீங்கலாக எல்லா உரிமையாளர்களும் (தம்பிக்குப் பவர் வழியே) கையெழுத்திட வேண்டும். மைனர் பங்கு நீதிமன்ற அனுமதிக்கு உட்பட்டது, அனுமதி இன்ன தேதிக்குள் வராவிட்டால் முன்பணம் வட்டியின்றித் திரும்பும், ஒப்பந்தம் தானாக முடியும், ரத்துக்கு வாங்குபவர் வந்து கையெழுத்திட வேண்டும் என்று எழுதுங்கள். முன்பணம் வங்கி வழியாக, அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கில் வரட்டும்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டையும் வாங்குபவர் கட்டுவதுதான் வழக்கம். அதனால் சிலர் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் தருவதாகச் சொல்வார்கள். மைனர் பங்கு உள்ள சொத்தில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள். நீதிமன்றத்துக்குச் சொன்ன விலையும் பத்திரத்தில் உள்ள விலையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விளம்பரத்துக்குப் பிறகு ஆவணம் கேட்டு வருபவர்களுக்கு நகல் மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் "பார்வைக்கு மட்டும்" என்று எழுதி, தேதியும் யாருக்குக் கொடுத்தது என்பதும் குறித்துக் கொடுங்கள். அசல் பத்திரம் தரகர் கைக்குப் போகவே கூடாது. பார்க்க விரும்புகிறவர் உங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் வந்து பார்க்கட்டும்.

இப்போது கேட்டிருப்பவரிடம் இப்படிச் சொல்லலாம்: "விற்பது உறுதி. ஏழு உரிமையாளர்கள், ஒரு மைனர். நீதிமன்ற மனு போட்டதும் எண்ணைத் தருகிறோம். சங்க அடமானம் நீங்கிய ரசீதும் கூட்டுப் பட்டாவும் வந்ததும் ஒப்பந்தம் போடலாம்." வீடு பிடித்து வாங்க வந்தவராக இருந்தால் இதைக் கேட்டு அவர் ஓட மாட்டார். தன் வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு வருவார். அவரிடம் 45 பாகக் கணக்கு எழுதிய தாளை முதலில் கொடுங்கள்.